நாற்பத்திரண்டு அரங்களும் ஒன்பது உப்புச் சாக்குகளும்

மேரிசெல்வி மேடத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரிடமே கேட்டிருந்தால் "வேற வேலை இல்லியா சார்" என்றுதான் சொல்லியிருப்பார். மரக்காணம் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அவர் ஒர்க் ஷாப் பயிற்றுநர். நான் அங்கே கணக்கு வாத்தியார். பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறி வருகிறவன். பன்னிரண்டு வருடமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கிறோம். அவரைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். போன மழைக்காலத்தில் நடந்ததை விட்டுவிட்டு எழுதினால் அந்த நாலு பக்கமும் பொய். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் யாரோ ஒரு கன்னியர் மடத்து சிஸ்டர் சொல்லி, புதுச்சேரியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தார். நாற்பது பையன்களுக்கு நடுவே ஒரே பெண். முதல் நாளே ஒருவன், தையல் வகுப்பு மாடியில் என்று வழி காட்டினானாம். படிப்பு முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்து, கல்யாணம் ஆனதும் இங்கே வந்தார். வந்து இருபத்தொரு வருடம். இன்றுவரை தற்காலிகப் பணிதான். கணவர் மீன் வண்டி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள் அதிகம். இரண்டு பெண் பிள்ளைகள்.

அவர் பாடம் நடத்துகிற விதத்தைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். புதிதாகச் சேருகிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கையில் முதல் வாரம் இரும்பே கொடுக்க மாட்டார். ஆளுக்கொரு துணி சோப்புக் கட்டி, ஒரு உடைந்த ரம்பத்தகடு, ஒரு பழைய அரம். மேஜைக்கு ஒரு மூலைமட்டம். சோப்பை நாலு பக்கமும் சரியான சதுரமாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆக்கிவிட்டேன் என்று யாராவது கொண்டுவந்தால், சோப்பின் மூலையில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுவார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்பப் போய்த் தேய்க்க வேண்டும். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் அடுத்த பக்கம் கெட்டுப்போகும். அதைச் சரிசெய்தால் முதல் பக்கம். கடைசியில் முக்கால்வாசிப் பேரிடம் லாட்ஜில் கொடுக்கிற சோப்பு அளவுக்குத்தான் மிஞ்சும். என் வகுப்பில் தொண்ணூறு டிகிரி என்பது பலகையில் போடுகிற ஒரு கோடு. அதை அவர் வகுப்பில் தோள்பட்டை வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைகள்தான் அப்புறம் என்னிடம் வந்து, அந்தக் கோணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அதோடு நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

சோப்புத் தூளை எல்லாம் வாரிக்கொண்டு போவது வேலம்மாள். ஒர்க் ஷாப்பையும் வராந்தாவையும் கூட்டித் துடைக்கிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவருக்கு உப்பளத்தில் வேலை. வேலம்மாளும் முப்பது வருடம் உப்பு வாரியவர்தான், கால் வெடிப்பு ஆறவே மாட்டேன் என்றதும் இங்கே வந்து சேர்ந்தார். மேடத்தின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மேடம் அவரை அக்கா என்பார். வேலம்மாள் தெருவில் பார்த்தால் மேரி என்பார், கல்லூரிக்குள் மேடம் என்பார்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம். இரும்பை அரத்தால் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், விரல் பட்ட இடம் மறுநாள் காலையில் சிவப்பாக நிற்கும். யார் விரல் என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். அதனால் ஒர்க் ஷாப் வாசலில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கும். கையைக் கழுவித் துடைக்காமல் யாரும் அரத்தைத் தொடக் கூடாது. உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளை மேடம் இரண்டு தரம் கழுவச் சொல்லுவார், அதில் ஒருத்திக்குக் கோபம் வந்து அழுததும் உண்டு. மாலையில் மணி அடித்த பிறகு அரை மணி நேரம் அவர் தனியாக நின்று, ஒவ்வொரு அரத்தையும் துணியால் துடைத்து எண்ணெய் தடவி அடுக்குவார். இருபத்தொரு வருடம் இதைச் செய்தவர். கொஞ்ச நாளாக முழங்கால் வலி. போன வருடம் ஒருநாள், "முடியல சார். தொடச்சது தொடச்சபடியே இருந்தா தேவல. நாளைக்கும் தொடைக்கணுமேன்னு நெனச்சாத்தான் அலுப்பா இருக்குது" என்றார். எனக்கு அந்த அலுப்பு நன்றாகவே புரிந்தது. நானும் அதே வகையீட்டுக் கணக்கைப் பன்னிரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. காலையிலிருந்தே மழை. ஒர்க் ஷாப்பின் கூரைத் தகடு இரண்டு பறந்துபோய், மத்தியானத்துக்குள் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். நாலு மணிக்கு மேல் பஸ் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். மேடத்தின் சின்னப் பெண் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். கருவிகளை மாடியில் வரைபடக் கூடத்தின் பரணுக்கு ஏற்ற வேண்டும். அதற்கென்று இருந்த இரண்டு தகரப் பெட்டிகளையும் தேர்வுப் பிரிவு விடைத்தாள் வைக்க எடுத்துக்கொண்டு போயிருந்தது. தார்ப்பாய் வேண்டும் என்று மேடம் மூன்று முறை எழுதிக் கொடுத்த கடிதம் மூன்றும் எங்கேயோ இருந்தன. "அக்கா, வீட்டுல சாக்கு இருந்தா எடுத்தாங்க" என்று வேலம்மாளை அனுப்பினார். அரை மணியில் ஒன்பது பிளாஸ்டிக் சாக்குகள் வந்தன. கழுவி மடித்து வைத்தவை, வெள்ளை வெளேர் என்று இருந்தன. கழுவினதுதானே என்று மேடம் கேட்டார். இரண்டு தண்ணீர் அலசினேன் என்று வேலம்மாள் சொன்னார்.

வெளியூர்க்காரராக இருந்தால் அந்தச் சாக்கைத் தொட்டே இருக்க மாட்டார். எங்கள் ஊரில் சாக்கு என்றாலே உப்புச் சாக்குதான். மழைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் அதில்தான் போகும். கருவாடு, விறகு, வரட்டி, பழைய துணி, ரேஷன் அரிசி எல்லாம் அதில்தான். அது ஒரு காலத்தில் உப்பு இருந்த சாக்கு என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. விரலில் இருக்கிற உப்புக்குப் பக்கெட் வைத்தவர், நாற்பத்திரண்டு அரங்களையும் மூலைமட்டங்களையும் இரண்டு வெர்னியர் அளவுகோல்களையும் தன் கையாலேயே அந்தச் சாக்குகளில் போட்டுக் கட்டினார். எண்ணெய் டப்பாவில் பாதிதான் இருந்தது, ஒவ்வொன்றையும் ஒரு துடைப்பு துடைத்ததோடு சரி. நான்கு நாளைக்குத்தானே என்றார். சாக்குகளை மாடிக்குத் தூக்கியது நானும் வேலம்மாளும்.

நான்கு நாள் ஏழு வாரம் ஆனது. புயல் விடுமுறை, அப்புறம் செமஸ்டர் தேர்வு, அப்புறம் திரும்பவும் மழை, அப்புறம் பொங்கல். ஜனவரியில் கூரையைச் சரிசெய்து சாக்குகளை இறக்கினோம். கட்டை அவிழ்த்ததும் மேடம் உள்ளே கையை விட்டு ஒரு அரத்தை எடுத்தார். செங்கல் கட்டி மாதிரி வந்தது. பல் தெரியவில்லை. அடுத்ததும் அப்படித்தான். வெர்னியர் இரண்டும் நகரவே இல்லை. சாக்கின் தையலில் இருந்த உப்பு ஈரத்தில் கசிந்து ஏழு வாரமும் ஓயாமல் வேலை பார்த்திருக்கிறது. மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை துருவில் சிவந்திருந்தது.

பிப்ரவரியில் அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. ஒர்க் ஷாப்பில் கருவி இல்லாவிட்டால் மெக்கானிக்கல் பிரிவுக்கே ஆபத்து. முதல்வர் உடனே இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, மேலே நிர்வாகம் கீழே நாங்கள் என்று இரண்டு பக்கமும் இடிபட்டு ஓய்ந்துபோனவர். அரத்தைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "இது யாரு வீட்டு சாக்கு?" என்றார்.

"எங்க வீட்டுதுங்க சார்" என்றார் வேலம்மாள்.

அதற்குமேல் முதல்வர் எதையும் விசாரிக்கவில்லை. கூட்டுகிற அம்மா, உப்பளத்து வீடு, வீட்டுச் சாக்கு. எல்லாம் பொருந்திவிட்டது. மேடத்தின் பக்கம் திரும்பி, இந்த நேரத்தில் உங்கள் மேல் எதுவும் வரக் கூடாது மேடம் என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். மேடத்தை நிரந்தரமாக்குகிற கோப்பு, இருபத்தொரு வருடம் கழித்து, முதல்வர் மேஜைக்கு வந்திருந்தது. மார்ச்சில் கையெழுத்தாக வேண்டும்.

மேடத்தின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். பிறகு மூடியதையும் பார்த்தேன். சாக்கைத் தூக்கிய எனக்கும் நடந்தது தெரியும். கணக்கு வாத்தியாருக்கு எதற்கு வம்பு என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளிலிருந்து வேலம்மாளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆய்வு முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். மழைக்காலம் முழுக்க உப்பளத்தில் வேலை கிடையாது, அவர் கணவர் அக்டோபரிலிருந்து வீட்டில்தான் இருந்தார். அந்தக் குடும்பம் மூன்று மாதமாக எதை வைத்து ஓடியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் மேடம் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடுவார். தெருவில் வேலம்மாள் வீட்டைத் தாண்டிப் போக முடியாமல், பஸ் ஸ்டாண்டுக்கு மாதா கோயில் பக்கமாகச் சுற்றி வருகிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

புதிய கருவிகள் வாங்க நிர்வாகம் பணம் தராது என்று ஆனதும், மேடம் ஒரு முடிவு எடுத்தார். முதலாம் ஆண்டில் முப்பத்துநான்கு பேர். ஆளுக்கொரு அரம், மீதி எட்டு அவருக்கு. துருவை எடுத்து அரத்தை மீட்பதுதான் மூன்று வாரத்துக்குச் செய்முறைப் பாடம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய புளி கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் வாளிகளில் புளியைக் கெட்டியாகக் கரைத்து அரங்களை ஊறப் போட்டார்கள். மறுநாள் எடுத்து, கம்பி பிரஷ்ஷால் பல்லின் சாய்வு போகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் பல் மழுங்கும். திரும்ப ஊறல், திரும்பத் தேய்ப்பு. பிறகு புளிப்பு போக சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெய் துடைத்து, பல்லில் சாக்பீஸ் தேய்த்து வைக்க வேண்டும்.

நான் ஓய்வு நேரத்தில் போய்ப் பார்த்தேன். செல்போனைத் தவிர வேறு எதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கையில் வைத்திராத பிள்ளைகள், ஒரு இரும்புத் துண்டின் மேல் குனிந்து கிடந்தார்கள். அரத்தில் எத்தனை வரிசைப் பல், எந்தப் பக்கம் சாய்வு, ஏன் முன்னால் தள்ளும்போது மட்டும் வெட்டுகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பேசிக்கொண்டார்கள். அரம் என்பது என்ன என்று அந்த வகுப்புக்குத் தெரிந்த அளவு வேறெந்த வகுப்புக்கும் தெரிந்திருக்காது. மேடத்தின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. அவர் பங்கு எட்டையும் அவரும் தேய்த்துக்கொண்டிருந்தார், விரல் இடுக்கெல்லாம் புளிப்பில் வெந்து போயிருந்தது. நான் கையுறை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

பிரச்சினை ரெக்கார்ட் நோட்டில் வந்தது. எங்கள் படிப்பில் எதைச் செய்தாலும் அதை ரெக்கார்டில் எழுத வேண்டும். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. பயிற்றுநர் அதில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும். துரு எடுத்ததையும் எழுதச் சொன்னார் மேடம். புத்தகத்தில் இல்லாத பாடம், அதனால் காப்பி அடிக்க முடியாது என்று நம்பி, தமிழிலேயே எழுதுங்கள், கருவி கெட்டதற்குக் காரணம் என்று ஒரு தலைப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். உப்பு, ஈரம், இரும்பு என்று விஞ்ஞானமாக எழுதுவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார் பாவம்.

முப்பத்துநான்கு நோட்டும் மேஜைக்கு வந்தன. புத்தகத்தில் இல்லாததை ஒருவர் எழுத, மற்ற முப்பத்துமூன்று பேரும் காப்பி அடித்திருந்தார்கள். காரணம் என்ற தலைப்பின் கீழே எல்லா நோட்டிலும் ஒரே வரி: "துப்புரவுப் பணியாளரின் அறியாமையால் கருவிகள் உப்புச் சாக்கில் கட்டி வைக்கப்பட்டன."

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். முதல் நோட்டில் மேடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், இரண்டாவதிலும் அப்படியே. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ அந்த வரி கண்ணில் பட்டிருக்க வேண்டும். பேனா நின்றது. முன்னால் போட்ட நோட்டுகளை எடுத்துப் பார்த்தார், பின்னால் இருந்ததைப் பிரித்துப் பார்த்தார். பிறகு எழுந்து வகுப்புக்குப் போனார். எனக்கும் உட்கார முடியவில்லை, பின்னாலேயே போனேன்.

இந்த வரியை யார் எழுதியது என்று கேட்டார். செந்தமிழ் என்ற பெண் எழுந்தாள். வகுப்பிலேயே ஒழுங்காகத் தேய்க்கிறவள் அவள்தான். ஆபீசில் அப்படித்தான் சொன்னார்கள் மேம், அந்த ஆயா பேர் தெரியவில்லை, அதனால் பேர் போடவில்லை என்றாள். தப்பாக எழுதிவிட்டோமோ என்று அவள் முகம் சுருங்கியிருந்தது.

"அவங்க பேரு வேலம்மாள்" என்றார் மேடம். "சாக்கு கொண்டாரச் சொன்னது நானு. அதுல போட்டுக் கட்டுனதும் நானு. கையக் கழுவு, கையக் கழுவுன்னு உங்க உசுர வாங்கின நான்தான் உப்பு சாக்குல கட்டி வெச்சேன். எழுதிக்கோங்க."

அவர் அங்கேயே நின்று முப்பத்துநான்கு நோட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, மேலே "பயிற்றுநரின் தவறு. மேரிசெல்வி" என்று எழுதித் தேதி போட்டார். முடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகவும், என்னை நினைத்தால் கேவலமாகவும் இருந்தது.

நோட்டுக் கட்டோடு முதல்வர் அறைக்குப் போனார். இந்தத் தடவை நானும் உள்ளே போய், சாக்கைத் தூக்கியவன் நான் என்று சொன்னேன். முதல்வர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லவில்லை. ஆய்வுக் குழு ரெக்கார்டைத்தான் முதலில் புரட்டும், பயிற்றுநரின் தவறு என்று பயிற்றுநரே முப்பத்துநான்கு இடத்தில் எழுதி வைத்தால் நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். பிள்ளைகளை வைத்துப் புது நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள், இதை இத்தோடு விட்டுவிடுவோம் என்றார்.

"எழுதுனா எழுதட்டும் சார். அந்த வரி இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் மேடம். கத்தவில்லை. கத்துகிற தெம்பு அவரிடம் இல்லை.

வேலம்மாளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். துப்புரவு வேலை போன வாரமே காண்ட்ராக்டுக்குப் போய்விட்டது, அவர்கள் திண்டிவனத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள், இனி என் கையில் இல்லை என்றார். முன்னமே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். அரங்களை எண்ணினார்கள், நாற்பத்திரண்டும் இருந்தன. முதலாம் ஆண்டு ரெக்கார்டு திருத்தத்தில் இருக்கிறது என்று முதல்வர் சொன்னதும், பரவாயில்லை என்று இரண்டாம் ஆண்டுடையதை வாங்கிப் புரட்டினார்கள். ஒரு அரத்தையும் யாரும் கையில் எடுத்து ஓட்டிப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பிரிவுக்கு அங்கீகாரம் கிடைத்தது. மேடத்தின் கோப்பு அடுத்த கல்வியாண்டில் பரிசீலிக்கப்படும் என்று ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது.

குறிப்பு வந்த மறுநாள் சனிக்கிழமை. வேலம்மாளைப் பார்க்கப் போகிறேன், தனியாகப் போக முடியாது, வர்றீங்களா சார் என்று மேடம் கேட்டார். வீடு பூட்டியிருந்தது. அளத்துக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு அப்போதுதான் புது வருட வேலை ஆரம்பித்திருந்தது. உப்பு எடுப்பதற்கு முன்னால் பாத்தியின் களிமண்ணைக் காலாலேயே மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். நாள் முழுக்க மிதிக்க வேண்டும், அதுவும் வரிசை தப்பாமல். ஐந்தாறு பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் வேலம்மாளும் ஒருவர். வெடித்த காலோடுதான் மிதித்தார்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நின்றேன். மேடம் பாத்தி ஓரம்வரை போய், நடந்ததை எல்லாம் சொன்னார். உங்கள் மேல் பழி விழுந்தபோது நான் சும்மா நின்றேன் அக்கா என்றார். நோட்டில் எழுதியது, முதல்வரிடம் போனது, வேலை காண்ட்ராக்டுக்குப் போய்விட்டது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். வேலம்மாள் மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்ன பெர்மனென்ட் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க."

வேலம்மாளின் கால் அப்போதுதான் நின்றது. "பைத்தியமா மேரி ஒனக்கு? என் வேலைதான் போயிடுச்சே. அதுக்கப்புறம் இன்னாத்துக்குப் போயி சொன்ன? ஒன்னுதாவது நின்னுருக்கும்ல."

வேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தினி தண்ணி அலசுனாலும் அந்தச் சாக்குல உப்பு போவாது. அதுல இரும்பு தங்காது. எனக்கு அது அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா? ஏங்க்கா சொல்லல?"

"நீ எண்ணெ போட்ட. எண்ணெ போட்டா நிக்கும் போலன்னு நெனச்சேன். இருவத்தோரு வருசமா இரும்ப கையில வெச்சினு இருக்குற. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டேன்." வேலம்மாள் என்னையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "வுடு. நானும் வாயத் தொறக்கல, நீயும் தொறக்கல, சாரும் தொறக்கல. மூணு பேரும் ஒண்ணுதான். அழுவாம போ."

சொல்லிவிட்டுத் திரும்பவும் மிதிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்போம். மூன்று பேரும் ஒன்றுதான் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் எங்களை நம்பி வாயை மூடினார். நாங்கள் எங்களுக்காக மூடினோம்.

"இல்லக்கா, ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார் மேடம். அதற்குள் வேலம்மாள் மிதித்துக்கொண்டே பாத்தியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தார்.